தனகோடியின் நாக்கு

மரக்காணத்து உப்பளத்தில் தண்ணீரின் உப்புக் கடுப்பை அளக்கிற மீட்டர் வந்த பிறகும் சேட்டு மேஸ்திரி தனகோடியின் நாக்கைத்தான் நம்பினார். அந்தக் கண்ணாடி மீட்டரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது கெடக்குது, நீ பாரும்மா" என்பார். தனகோடி விரலை நனைத்து நாக்கு நுனியில் வைப்பாள். "இன்னும் காயணும்" என்றால் இன்னும் காயணும்தான். "தொறந்து வுடுங்க" என்றால் அடுத்த பாத்திக்கு மடையை வெட்டிவிட வேண்டியதுதான். அவள் சொல்லித் திறந்த பாத்தியில் உப்பு பழுதாக விழுந்ததாக யாரும் சொல்ல முடியாது. படிப்பும் இல்லை, சொத்தும் இல்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். ஊர் மதிக்கிற மாதிரி அவளிடம் இருந்தது அந்த நாக்கு ஒன்றுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்கட்டுமே, யாருக்கு நஷ்டம் என்றுதான் நாமும் நினைப்போம்.

அவள் வீட்டில் சாப்பிட்டவர்கள், குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல் என்பார்கள். "ஒனக்கென்னம்மா, உப்புலயே பொறண்டு எழுந்து வர்றே" என்று கேலி செய்துவிட்டு இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்பார்கள். அதை அவள் கேலியாகவே எடுத்துக்கொண்டாள்.

வீடு உப்பளத்துக்குப் போகிற மண் ரோட்டில் இருந்தது. பின்னால் உறை இறக்கிய கிணறு. புருஷன் அப்பாதுரை இருந்த காலத்தில் ஆள் வைத்துத் தோண்டியது. அப்போது கல்கண்டு மாதிரித் தண்ணீர் வந்தது, தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு புயல் வருஷத்தில் கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வெள்ளம் ஏறி, வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்று, மெல்ல வடிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாகக் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். பக்கத்து வீட்டு சரண்யா மட்டும் வாய்விட்டே சொன்னாள். "பெரிம்மா, ஒங்க கெணறு உப்பு ஏறிக்கிச்சு. நீங்களும் கேன் போட்டுக்கங்க."

தனகோடி அங்கேயே ஒரு வாளி இறைத்து, சொம்பில் மொண்டு, மடக் மடக்கென்று குடித்துக் காட்டினாள். "இதுவா உப்பு? ஒங்களுக்கெல்லாம் நாக்கு செத்துப்போச்சுடி. கேன்ல வந்தாத்தான் தண்ணின்னு ஆயிட்டீங்க."

உப்பு விஷயத்தில் தனகோடியோடு யார் வாதாடுவது? சரண்யா சிரித்துவிட்டுப் போனாள்.

தனகோடிக்கு ஒரே பெண், கலைமதி. கோட்டக்குப்பத்தில் டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிற சிலம்பரசனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். அவர்கள் ஜரீனா என்கிற அம்மாளின் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். ஜரீனாவின் மகன் தவுசீப் துபாயில் இருக்கிறான். பெரிய வீடு, தனி மனுஷி, பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிறவள். கலைமதியைக் குடக்கூலிக்கு வந்தவளாக அவள் பார்த்ததே இல்லை. மொட்டை மாடியில் கலைமதி தக்காளி, கத்திரி, மிளகாய் என்று வைத்தாள். தயிர் டப்பா, எண்ணெய் டின், உடைந்த வாளி, எது கையில் கிடைத்தாலும் அதில் ஒரு செடி. நல்ல காயாக ஒன்றைப் பழுக்கவிட்டு, விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்துப் பொட்டலம் கட்டினாள். குழந்தை பிறந்து வந்ததும் விதைக்கலாம் என்று ஜரீனாவிடம் கொடுத்துவிட்டு, வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாள்.

அவள் திரும்பிப் போகவில்லை. பிரசவத்தில் ஜன்னி கண்டு போய்விட்டாள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். பெண் குழந்தை. கலைமதி முன்பே சொல்லி வைத்திருந்தபடி செந்தமிழ் என்று பேர் வைத்தார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் தனகோடி இருந்த இருப்பைப் பார்த்து யாரும் அவள் கையில் பச்சைக் குழந்தையைக் கொடுக்கத் துணியவில்லை. சிலம்பரசன் கோட்டக்குப்பத்துக்கே எடுத்துப் போனான். பகலில் அவன் கடைக்குப் போக, ஜரீனா பார்த்துக்கொண்டாள். தனகோடி வேலை இல்லாத நாளில் பஸ் ஏறிப் போவாள். குழந்தையை மடியில் போட்டு, அதன் உள்ளங்காலை முகர்ந்து பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பிவிடுவாள். ஒவ்வொரு தடவையும், எனக்கே கொடுத்துவிடுங்களேன் என்று கேட்க வாய் வரை வரும். எந்த முகத்தோடு கேட்பது என்று விழுங்கிவிடுவாள்.

அது கேட்காமலே கிடைப்பது போல ஆயிற்று. தவுசீப்பின் மனைவி ஃபர்சானாவுக்கு அங்கே பிரசவம். ஜரீனாவுக்கு விசா வந்துவிட்டது. பெருநாள் முடிந்ததும் பயணம்.

"நான் போறது தவிர வேற வழியில்ல அக்கா" என்றாள் ஜரீனா. "ஒங்க மாப்பிள்ளையோட அக்கா ஜெயா கீழ்புத்துப்பட்டுல இருக்காங்க. அவங்களே மூணு புள்ளய வெச்சுக்கிட்டு முழி பிதுங்குறாங்க. நீங்கதான் வெச்சுக்கணும். புள்ளைக்கும் இப்ப கஞ்சி குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சிலம்பரசன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒங்களால முடியுமா அத்தை?" என்றான்.

"என்னா மாப்ளே இப்பிடி கேட்டுட்டீங்க" என்றாள் தனகோடி.

புறப்படும்போது ஜரீனா அவளை மாடிக்குக் கூட்டிப் போனாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் வரிசையாகத் தயிர் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கன்று, அநேகமாக எல்லாம் ஒரு சாண் உயரம். "கலைமதி குடுத்துட்டுப் போன பொட்டலம். மனசு கேக்கல, மொத்தத்தையும் போட்டுட்டேன். நான் போனப்புறம் இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா? டப்பாவுல வேரு சுத்திக்கிச்சு, மண்ணுல மாத்தணும். முதல்ல இதை எடுத்துனு போங்க. பெருநாள் முடியட்டும், இன்ஷா அல்லாஹ், நானே புள்ளயக் கொண்டாந்து ஒங்க கையில குடுக்கிறேன்."

தனகோடி அட்டைப் பெட்டியில் டப்பாக்களை நெருக்கி அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். மகள் தொட்டுக் காயவைத்த விதை. இதற்கு மேல் ஒரு விதைகூட மிச்சமில்லை. ஜன்னல் காற்றில் இலைகள் ஆட, ஒரு கையால் அணை கட்டிக்கொண்டே வந்தாள். குழந்தை வரும்போது இவை வேர் பிடித்திருக்கும். கஞ்சி குடிக்கிற வாய் பருப்புச் சோற்றுக்கு வருவதற்குள் தக்காளி பழுத்துவிடும். உங்கம்மா வெச்சதுடி என்று சொல்லி நசுக்கிப் பிசைந்து ஊட்ட வேண்டும். பஸ்ஸில் இருந்த எல்லோரும் பார்க்க அவள் தன்பாட்டுக்குச் சிரித்தாள். மகள் செத்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் உப்பளத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கிணற்றடியில் மண்ணைக் கொத்தினாள். கட்டி உடைத்தாள், கல் பொறுக்கினாள், கரை கட்டிப் பாத்தி பிடித்தாள். அதற்கப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, காலால் மிதிக்க ஆரம்பித்தாள். உப்புப் பாத்தி அப்படித்தான். தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க, தரை சிமெண்டு மாதிரி ஆகும்வரை மிதிக்க வேண்டும். குதிகாலை ஊன்றி, அரை வட்டமாகத் திரும்பி, பழகின தாளத்தில் அவள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தாள்.

சரண்யா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "பெரிம்மா! கத்திரிக்கா போடப் போறியா, உப்பு எடுக்கப் போறியா?"

தனகோடி நின்று, கீழே பார்த்து, தலையில் அடித்துக்கொண்டாள். "அட நாசமாப் போற காலு!" என்று அவளும் சிரித்தாள். மிதித்ததை எல்லாம் மறுபடி கொத்திப் பொலபொலப்பாக்கினாள்.

வெயில் தாழ்ந்ததும் நட்டாள். டப்பாவுக்கு முதலில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, தண்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக் கவிழ்த்து, அடியில் தட்டினால் மண் உருண்டையோடு கன்று கையில் வந்தது. வேர் டப்பாவின் உருவத்திலேயே வெள்ளையாகச் சுற்றியிருந்தது. அந்த வேரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு குழியில் வைத்து, மண் தள்ளி, கையால் மெல்ல அணைத்துவிட்டாள். தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கட்டினாள். ஒரே ஒரு மிளகாய்க் கன்று மட்டும் விரல் நீளம்கூட இல்லை. இது தாங்காது என்று அதை மட்டும் டப்பாவோடு சுவர் மேல் வைத்தாள். கடைசியில் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, பழக்கத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர். செடிக்குச் செடி சுரைக்குடுவையால் வார்த்தாள்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தக்காளி ஒரு கொழுந்துகூட விட்டது. அப்புறம் இலை ஓரம் பழுப்பாயிற்று, நெருப்பில் காட்டி எடுத்த காகிதம் மாதிரி. வெயில் என்று நினைத்து இன்னொரு கீற்றுச் சாய்த்தாள். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, விடிவதற்கு முன் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை என்று ஊற்றினாள். ஊற்ற ஊற்றக் கன்றுகள் சுருண்டன. முதலில் மிளகாய் போயிற்று. கத்திரி பாதி போயிற்று. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிய மனசு வராமல், காய்ந்த குச்சியை அப்படியே நிற்கவிட்டாள். நட்டதையும் கெடுத்துவிட்டு எந்த முகத்தோடு குழந்தையை வாங்குவது என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

"மண்ணுதான்" என்றார் சேட்டு மேஸ்திரி. "வெள்ளம் நின்ன மண்ணு. உப்பு ஊறிக் கெடக்கும். வேற மண்ணு பாரு."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பிரம்மதேசத்துக்குப் போனாள். அப்பாதுரைக்குத் தெரிந்த கண்ணாயிரம் அங்கே பயிர் வைக்கிறவர். அவள் கொண்டுபோன சாக்குகளைப் பார்த்ததும் அவர் பின்வாங்கினார். "ஏம்மா, உப்பு மூட்டைச் சாக்கா? இதுல மண்ணு அள்ளுனா போற வழியிலயே மண்ணு செத்துடும். தள்ளிப் போடு அதை." தன் வீட்டு உரச் சாக்கை உதறி, செம்மண்ணும் மக்கின சாணியும் கலந்து கட்டிக்கொடுத்து, ஆட்டோ வரைக்கும் தூக்கி வந்து ஏற்றினார். "தொட்டியில வெய்யி. அடியில ஓட்டை போடு. வேரைக் கலைக்காத. பொண்ணு வெதைன்னு சொல்றே, நல்லா வரும், போ."

நல்லா வரும் என்று ஒரு மனுஷர் வாய்விட்டுச் சொன்னதே தனகோடிக்குப் போதுமாக இருந்தது. சரண்யா வீட்டுக்காரன் பெயிண்ட் அடிக்கிறவன். காலி வாளிகளைக் கொடுத்தான். கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டாள். ஓட்டை மேல் ஓட்டாஞ்சில்லு வைத்து, புது மண்ணை நிரப்பி, உயிர் மிச்சமிருந்த கன்றுகளைச் சுற்றிலும் தள்ளித் தோண்டி, பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி மாற்றினாள். பழைய மண்ணை உதிர்க்கக்கூடப் பயந்தாள். பிறகு கிணற்றில் இறைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, வாளி நிறையத் தண்ணீர் விட்டாள்.

அதோடு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. உப்பளத்தில் உப்பை வாரிக் குவித்துக்கொண்டே, இந்நேரம் வெயில் எந்த வாளி மேல் விழும் என்று கணக்குப் போட்டாள். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவதற்கு முன்னால் வாளிகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "பொழச்சுக்கம்மா" என்று செடியிடம் கெஞ்சினாள். மகளிடம் அப்படிக் கெஞ்ச நேரம் கிடைக்கவில்லை. விடிகாலையில் கைகால் வெட்டி இழுத்தது, நடுவழியில் ஆம்புலன்சிலேயே நினைவு போய்விட்டது.

இலைகள் மறுபடி ஓரம் கருகின. தக்காளி தலை தொங்கியது. பெருநாள் வந்து போயிற்று. நாளைக்குக் காலையில் வருகிறோம் என்று சிலம்பரசன் போன் பண்ணினான்.

காலையில் தனகோடி வாசல் தெளித்து, பழைய சேலையை நான்காக மடித்துத் தைத்த விரிப்பைப் போட்டு, தூளி கட்டினாள். பின்னால் போய்ப் பார்த்தால், வாளிகளில் ஒரு தக்காளியும் ஒரு கத்திரியும்தான் பச்சை என்று சொல்லும்படி நின்றன. மண் மேல், வாளி ஓரத்தில், வெள்ளையாக மெல்லிசாய்ப் பூத்திருந்தது. ஆயுசு முழுக்க அந்த வெள்ளையை வாரிக் கொட்டினவள் அவள். கண்ணுக்கு உடனே தெரிந்தது. மண்ணோடு துளி நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். மண்ணின் புளிப்புத் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. உரச் சாக்கில் அள்ளிக் கொடுத்தாரே, உரமாக இருக்கும் என்று கண்ணாயிரத்தை மனசுக்குள் நாலு திட்டு திட்டினாள். கண்ணை நம்பவில்லை அவள். நாக்கை நம்பினாள்.

சுவர் மேல் கைவிட்டு வைத்த அந்தச் சோனி மிளகாய்க் கன்று மட்டும் கொழுகொழுவென்று, கரும்பச்சையில், மொட்டு விட்டிருந்தது. தயிர் டப்பாவிலேயே. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. ஜரீனா குழந்தையோடு இறங்கினாள், பின்னால் பால் டப்பா, துணிப் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சிலம்பரசன். குழந்தை தனகோடியின் கைக்கு அழாமல் தாவியது. அவள் காது வளையத்தைப் பிடித்து இழுத்தது. தனகோடி அதை அணைத்தபடி, உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"ஏன் அக்கா நிக்கிறீங்க? முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க, தொண்டை வறண்டுபோச்சு" என்று ஜரீனாவே கேட்டாள்.

தனகோடி குழந்தையை இடுப்பில் வைத்தபடி பானையில் மொண்டு சொம்பை நீட்டினாள். ஜரீனா அண்ணாந்து ஒரு வாய் ஊற்றினாள். முகம் சுருங்கியது. ஓடிப்போய் வாசலில் துப்பினாள்.

"யா அல்லாஹ், என்னாக்கா இது? உப்பு கரிக்குது! மோர்ல போடற உப்பைத் தண்ணியில போட்டுட்டீங்களா?"

"எங்க?" என்று சிலம்பரசன் சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தான். அவன் துப்பவில்லை. மரியாதைக்கு விழுங்கிவிட்டு, "ஆமா அத்தை, கொஞ்சம் உப்பாத்தான் இருக்குது" என்றான்.

தனகோடி சொம்பை வாங்கிக் குடித்தாள். நல்ல தண்ணீர். மறுபடி குடித்தாள். நல்ல தண்ணீர்.

சத்தம் கேட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த சரண்யா, "நான்தான் அப்பவே சொன்னேனே பெரிம்மா" என்றாள். பிறகு குழந்தையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: "ஒங்க மொளகாக் கன்னு வாடுதேன்னு நான்தான் தெனம் கேன் தண்ணி மிச்சத்தை அதுல ஊத்துவேன். எப்பிடி வந்திருக்குது பாத்தியா?"

தனகோடி குழந்தையை ஜரீனாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

கடல் தண்ணீரைக் காயவைத்து ஏற்றுகிற உப்புக் கடுப்பை அளந்து பழகிய நாக்குக்கு, கிணற்றில் ஏறிய உப்பு ஒரு பொருட்டா? நெல் மூட்டை நிறுக்கிற தராசில் மூக்குத்தியைப் போட்டால் முள் அசையுமா? செத்துப்போனது சரண்யாவின் நாக்கு இல்லை. செடிகளைக் கொன்றது வெயிலும் இல்லை, மண்ணும் இல்லை. காலையும் மாலையும் தன் கையால் வார்த்து வார்த்துக் கொன்றிருக்கிறாள். இது தெரிந்த அடுத்த மூச்சிலேயே இன்னொன்று தெரிந்தது. அது செடியைப் பற்றியது இல்லை.

கலைமதிக்குக் கால் வீங்கியிருந்தது. நர்ஸம்மா பிரஷர் பார்த்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய் கூடாது, கருவாடு கூடாது. தனகோடி ஜாடியோடு ஊறுகாயைத் தூக்கி எறிந்தாள். மகளுக்கென்று தனியாகச் சின்னப் பாத்திரத்தில் பொங்கினாள், அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். கஞ்சி, ரசம், கீரை எல்லாவற்றையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. இப்படிச் சப்பென்று தின்னக் கொடுக்கிறோமே என்று இரக்கப்பட்டு, ஒரு சிட்டிகை, ஒரே ஒரு சிட்டிகை போட்டாள்.

"உப்பா இருக்குதும்மா" என்றாள் கலைமதி.

"வாயும் வயிறுமா இருந்தா அப்பிடித்தான்டி, நாக்கு மாறிப்போவும். நானே வாயில வெச்சுப் பாத்தேன். உப்பே இல்ல. எனக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியப் போவுது?"

அவள் அதற்கப்புறம் சொல்லவில்லை. அம்மா தனியாக மெனக்கெட்டுச் செய்கிறாளே என்று வழித்துச் சாப்பிட்டாள். தட்டில் தண்ணீர் விட்டு அலசி அந்தத் தண்ணீரையும் குடித்தாள். தினமும்.

உப்பினால்தான் போனாளா? டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. யாருக்கு வரும், எதனால் வரும் என்று சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சுவரோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த 'லாம்' எந்த விதத்தில் உதவும்? உப்பா இருக்குதும்மா என்று பெற்ற மகள் வாய்விட்டுச் சொன்னாளே.

தூளி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை அதைப் பார்த்துக் கையை நீட்டியது.

"மாப்ளே" என்றாள் தனகோடி. "கொழந்தைய ஜெயா வீட்டுக்கே எடுத்துனு போங்க."

"என்னா அத்தை சொல்றீங்க?"

"என்னால முடியாது."

"தண்ணிக்காகவா? கேன் தண்ணி போட்டுக்கலாம் அத்தை. இதெல்லாம் ஒரு விஷயமா?"

"அதானே அக்கா, இதுக்குப் போயி..." என்றாள் ஜரீனா.

தண்ணீரைக் கேனில் வாங்கலாம். நாக்கை எங்கே வாங்குவது? நாளைக்கு அந்தக் குழந்தை கஞ்சியைத் துப்பினால், அது அடம் பிடிக்கிறதா, உப்பு கரிக்கிறதா என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கலைமதிக்காவது வாய் இருந்தது. சொன்னாள். இவள்தான் கேட்கவில்லை. இதற்கு வாயும் இல்லையே. இதையெல்லாம் சொல்லிவிடத்தான் தனகோடி வாயைத் திறந்தாள். சொன்னால் மாப்பிள்ளை தன்னைத் திட்டுவார், இல்லையென்றால் மன்னித்துவிடுவார். இரண்டையும் அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

சிலம்பரசனின் முகம் மாறிவிட்டது. "அவ இருந்திருந்தா இப்பிடி ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?" என்று கேட்டான். "நீங்க கேக்கணும் கேக்கணும்னு எத்தினி நாள் நெனச்சிருப்பேன். கடைசியில இப்பிடி கைய விரிக்கிறீங்க."

"ஜெயா வீட்ல தண்ணி எப்பிடி?" என்றாள் தனகோடி.

அவன் அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். "கேன்தான்."

"கஞ்சியில உப்பே போட வேணாம்னு சொல்லுங்க. ஜெயாவையே வாயில வெச்சுப் பாத்துட்டுக் குடுக்கச் சொல்லுங்க. கொழந்தை வேணாம்னா வுட்டுடச் சொல்லுங்க, தெணிக்க வேணாம்."

அவன் பைகளைத் தூக்கினான். தனகோடி எழுந்து போய், சுவர் மேலிருந்த அந்த மிளகாய்க் கன்றை டப்பாவோடு எடுத்துவந்து ஜரீனாவின் கையில் வைத்தாள். "இது ஒண்ணுதான் மிச்சம், பாயம்மா. ஜெயாகிட்ட குடுங்க. நான் கை வெக்காததால பொழச்சுது."

"என்னாக்கா பேச்சு இது" என்று ஜரீனா அழுதாள். தனகோடி அழவில்லை. குழந்தையின் உள்ளங்காலைக் கடைசியாக ஒரு தடவை முகர்ந்துவிட்டு, தள்ளி நின்றுகொண்டாள். கிளம்பும்போது சிலம்பரசன் வர்றேன் அத்தை என்று சொல்லவில்லை. ஆட்டோ மண் ரோட்டில் திரும்பியபோது ஜரீனாவின் தோளுக்கு மேல் குழந்தையின் தலை தெரிந்தது. சரண்யா எதையோ கேட்க வந்து, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தனகோடி தூளியை அவிழ்த்து மடித்து வைத்தாள். பின்னால் போனாள். தக்காளி தலை தொங்கி நின்றது. அதற்கு ஊற்ற அவளிடம் அந்த வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. கிணற்றில் வாளியை விட்டு இறைத்தாள். உள்ளங்கையில் அள்ளி வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நாக்கால் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். துளியாவது கரிக்காதா என்று பார்த்தாள். மறுபடி அள்ளினாள். மறுபடி. முகம், கழுத்து, ரவிக்கை எல்லாம் நனைந்துபோயிற்று.

நல்ல தண்ணீராகத்தான் இருந்தது.